கிறிஸ்மஸின் பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு டிசம்பரிலும் வேதபாட வகுப்பிலும், ஆராதனை முடிந்து கலையும் நேரத்திலும், கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே ஐயங்கள் என்னிடம் வந்துகொண்டிருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இறையியல் பட்டம் பெற்றவன் அல்லன். வேதாகமத்தைத் தொடர்ந்து வாசித்துவரும் ஒரு விசுவாசி. ஆகவே வரலாறு சொல்வதை வரலாறாகவும், என் நம்பிக்கையை என் நம்பிக்கையாகவும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

கிறிஸ்மஸ் என்றால் இயேசுவின் பிறந்தநாள். அவ்வளவுதானே? அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

பிறந்தநாள் என்பது சரிதான். ஆனால் பெரியவர் ஒருவரின் பிறந்தநாளைக் கொண்டாடும்போது, அவர் பின்னாளில் செய்தவற்றுக்காகவே அந்த நாளை நினைவில் வைக்கிறோம். பிறந்ததை அவருடைய சாதனைகளில் ஒன்றாக யாரும் எண்ணுவதில்லை. கிறிஸ்துவின் காரியத்திலோ பிறப்பே ஒரு செய்தி என்று திருச்சபை அறிக்கையிடுகிறது. எல்லாவற்றையும் படைத்தவர், தாம் படைத்த உலகத்துக்குள் ஒரு மனிதனாக வந்தார் என்பதே அந்தச் செய்தி. "அந்த வார்த்தை மாம்சமாகி" நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்று யோவான் அதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறார் (யோவான் 1:14).

இதில் என்னை ஒவ்வோர் ஆண்டும் நிறுத்தி வைப்பது, யார் யாரைத் தேடி வந்தார் என்பதுதான். மனிதன் தன்னைத் தகுதியாக்கிக்கொண்டு தேவனிடம் ஏறிச் சென்ற வரலாறாக இதை யாரும் எழுதவில்லை. ரோமப் பேரரசன் அகுஸ்துராயன் குடிமக்களின் பெயர்களை எழுதச் சொல்லிக் கட்டளை பிறப்பித்திருந்த நேரத்தில், வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தவர்கள் எதையும் எதிர்பாராதிருந்த இரவில், தேவன் தாமே புறப்பட்டு வந்தார். கீழே வரும் கேள்விகள் பலவற்றுக்கு இந்த ஒன்றையே மீண்டும் சுட்ட வேண்டியிருக்கும்.

வேதாகமத்தில் இந்தச் சம்பவம் எங்கே இருக்கிறது? நான்கு சுவிசேஷங்களிலும் உண்டா?

இல்லை. மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களிலும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களிலும் மட்டுமே பிறப்பின் விவரங்கள் உள்ளன. மாற்கு, வளர்ந்த இயேசு ஞானஸ்நானம் பெறுவதிலிருந்து தொடங்குகிறார். யோவான் பெத்லகேமுக்குப் போகாமல், சிருஷ்டிப்புக்கும் முந்திய ஆதியிலிருந்து தொடங்கி, மேலே சொன்ன வரியில் வந்து நிற்கிறார். பவுல், "ஸ்திரீயினிடத்திற் பிறந்தவரும்" என்ற அளவில் கலாத்தியர் 4:4-இல் சொல்லிக் கடந்துபோகிறார்.

இயேசு உண்மையிலேயே டிசம்பர் 25 அன்றுதான் பிறந்தாரா?

பிறந்த நாளையோ மாதத்தையோ வேதாகமம் எங்கும் குறிப்பிடவில்லை. டிசம்பர் 25-ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகக் காட்டும் மிகப் பழைய தெளிவான சான்று, கி.பி. 354-இல் ரோமாபுரியில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பில் இருக்கிறது. அதிலுள்ள அந்தப் பட்டியல் 336 அளவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதாவது, முதல் மூன்று நூற்றாண்டுகளின் விசுவாசிகள் உயிர்த்தெழுதலைப் பெருவிழாவாகக் கொண்டாடினார்கள். பிறப்புக்கு இப்படியொரு நாள் அவர்களிடையே நிலைபெற்றிருக்கவில்லை.

இன்றும் எல்லோரும் ஒரே நாளில் கொண்டாடுவதில்லை. அர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபை கிறிஸ்துவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது. 1582-இல் கொண்டுவரப்பட்ட கிரெகோரியன் நாட்காட்டியை ஏற்காமல், தங்கள் திருநாட்களுக்குப் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு டிசம்பர் 25 என்பது நம் கணக்கில் ஜனவரி 7-இல் வருகிறது. நாள் வேறாயினும் அறிக்கை ஒன்றே என்பதால், இந்த வேறுபாடு என்னை ஒருபோதும் கலக்கியதில்லை.

அது ரோமர்களின் சூரியத் திருவிழா, கிறிஸ்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்கிறார்களே?

அப்படியும் ஒரு கருத்து உண்டு. பேரரசர் அவுரேலியன் 274-இல் ரோமாபுரியில் சூரிய தேவனுக்கு ஆலயம் எழுப்பியது வரலாறு. ஆனால் டிசம்பர் 25-இல் சூரியனுக்கு விழா நடந்ததற்கான தெளிவான எழுத்துச் சான்றும், நான் மேலே சொன்ன அதே 354-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் கிடைக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஏடு சாட்சியாக இருக்கும்போது, எது எதைப் பார்த்து வந்தது என்று அடித்துச் சொல்வது கடினம்.

இன்னொரு விளக்கமும் இருக்கிறது. கிறிஸ்து கருவில் உருவானதும் சிலுவையில் மரித்ததும் மார்ச் 25 என்ற ஒரே தேதியில்தான் என்ற எண்ணம் பண்டைய சபையில் நிலவியது. பண்டைய இறையியலாளர் அகஸ்தீனும் அதை எழுதியிருக்கிறார். மார்ச் 25-இலிருந்து ஒன்பது மாதங்களை எண்ணினால் டிசம்பர் 25 வரும். இந்த விளக்கமே எனக்குக் கூடுதல் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒருவேளை சூரிய விழாவே முந்தியது என்று நாளைக்கு நிறுவப்பட்டாலும், வேறொரு விழா நடந்த நாளில் மெய்யான தேவனை ஆராதிப்பதில் எனக்குக் குற்றம் எதுவும் தெரியவில்லை.

ஆண்டாவது சரியா? கி.பி. 1-இல்தானே பிறந்தார்?

அதுவும் சரியாக இராது. மகா ஏரோது உயிரோடிருந்தபோது இயேசு பிறந்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஏரோது இறந்தது கி.மு. 4-இல் என்பது பெரும்பான்மை வரலாற்றாசிரியர்களின் முடிவு. எனவே பிறப்பு கி.மு. 6-க்கும் 4-க்கும் இடையில் என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். நாம் பயன்படுத்தும் ஆண்டுக் கணக்கை 525-இல் வகுத்த தியோனீசியு என்ற துறவியின் கணக்குச் சில ஆண்டுகள் பிசகிவிட்டது.

மூன்று ராஜாக்கள், மாடு, கழுதை, குடிலுக்கு மேல் நட்சத்திரம்... இவற்றில் எது வேதத்தில் இருக்கிறது, எது நாமாகச் சேர்த்தது?

கிழக்கிலிருந்து வந்தவர்களை மத்தேயு சாஸ்திரிகள், அதாவது ஞானிகள், என்றே சொல்கிறார். ராஜாக்கள் என்று சொல்லவில்லை, எண்ணிக்கையும் தரவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள் மூன்றாக இருந்ததால் வந்தவர்களும் மூவர் என்று ஆகிவிட்டது. அவர்கள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டுக்குள் (மத்தேயு 2:11). மேய்ப்பர்களோடு அவர்கள் ஒரே இரவில் வந்து நின்றதாக எந்தச் சுவிசேஷமும் கூறவில்லை. ஏரோது இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தேடியதைப் பார்த்தால், அவர்கள் வந்து சேர்வதற்குச் சில காலம் ஆகியிருக்கலாம். நட்சத்திரம் மத்தேயுவில் இருக்கிறது, பிள்ளையைக் கிடத்திய முன்னணை, அதாவது தீவனத் தொட்டி, லூக்காவில் இருக்கிறது. ஒன்றைச் சொல்பவர் மற்றொன்றைச் சொல்வதில்லை.

மாடும் கழுதையும் இரண்டிலும் இல்லை. "மாடு தன் எஜமானையும்" அறியும், கழுதையும் தன் ஆண்டவனின் முன்னணையை அறியும் என்ற ஏசாயா 1:3-ஐ நினைத்து முற்காலத்தவர் அவற்றை அங்கே நிறுத்தினார்கள். அசிசியின் பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து முன்னணைக் காட்சி அமைத்த பிறகு அந்த வழக்கம் எங்கும் பரவியது. ஏசாயாவின் வசனம் "இஸ்ரவேலோ அறிவில்லாமலும்" இருக்கிறது என்ற கடிந்துகொள்ளுதலோடு தொடர்வதை எண்ணிப் பார்த்தால், அந்த இரண்டு விலங்குகளும் அங்கே நிற்பது நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாகவும் இருக்கிறது. ஆகவே நான் அவற்றை அகற்றச் சொல்லமாட்டேன்.

வேதத்தில் கட்டளையே இல்லாத பண்டிகையை ஏன் கொண்டாட வேண்டும்? எங்கள் சபையில் கொண்டாடுவதில்லை.

கட்டளை இல்லை என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். உங்கள் சபையின் நிலைப்பாடு புதியதும் அல்ல. இங்கிலாந்தின் பாராளுமன்றம் பியூரிட்டன்களின் செல்வாக்கில் 1647-இல் கிறிஸ்மஸ் திருநாளை நீக்கியது; மசாசுசெட்ஸ் குடியேற்றம் 1659-இல் அதைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்து, 1681-இல்தான் அந்தச் சட்டத்தை விலக்கியது. அவர்கள் தேவனை நேசிக்காதவர்கள் அல்லர். வேதம் சொல்லாததை ஆராதனையில் சேர்க்கக்கூடாது என்ற பயபக்தியோடுதான் அப்படிச் செய்தார்கள்.

எனினும் யோவான் 10:22-ஐ அவர்கள் முன் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இயேசு எருசலேமில் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது தேவாலயத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று அங்கே வாசிக்கிறோம். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அந்தப் பண்டிகை கிடையாது. யூதப் போராளிகளான மக்கபேயரின் காலத்தில், கி.மு. 164-இல் ஆலயம் மீண்டும் சுத்திகரிக்கப்பட்டதன் நினைவாக யூதர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டது. தேவன் செய்ததை நன்றியோடு நினைவுகூர மனிதர் ஏற்படுத்திய ஒரு நாளைக் கர்த்தர் கண்டித்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. மற்றபடி ரோமர் 14-இல் பவுல் சொல்வதே போதும்: நாட்களை விசேஷமாக எண்ணுகிறவனும் எண்ணாதவனும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்கிறார்கள். கொண்டாடுகிறவர் கொண்டாடாதவரைக் குளிர்ந்துபோனவர் என்றும், கொண்டாடாதவர் மற்றவரை அஞ்ஞானி என்றும் பேசுவதுதான் அந்த அதிகாரத்துக்கு மாறானது.

மரம் வைப்பது எரேமியா 10-இன்படி பாவம் என்று ஒருவர் சொன்னார். சாண்டா கிளாஸும் அப்படித்தானா?

எரேமியா 10, காட்டில் வெட்டிய மரத்தைத் தச்சன் விக்கிரகமாகச் செதுக்கிப் பொன்னாலும் வெள்ளியாலும் அலங்கரித்து வணங்குவதைக் கண்டிக்கிறது. அலங்கார மரம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பகுதிகளில் தோன்றிய வழக்கம். அதை யாரும் வணங்குவதில்லை. சாண்டா கிளாஸின் பின்னால் இருப்பவர் நான்காம் நூற்றாண்டில் மீரா பட்டணத்தின் பேராயராக இருந்த நிக்கொலாஸ். அவருடைய நினைவுநாள் டிசம்பர் 6. இவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிறிஸ்மஸ் கிறிஸ்மஸ்தான். நல்ல பிள்ளைகளுக்கு மட்டுமே பரிசு என்று குழந்தைகளிடம் சொல்வதை மட்டும் நான் விரும்புவதில்லை. முதல் கேள்வியின் பதிலுக்கு அது நேர் எதிரானது.

மத்தேயு ஒன்று சொல்கிறார், லூக்கா வேறொன்று சொல்கிறார். குடிமதிப்பு விஷயத்தில் லூக்கா தவறிவிட்டார் என்றும் படித்தேன். பிறகு எப்படி நம்புவது?

இது நியாயமான கேள்வி. சிரேனியு சீரியாவின் தேசாதிபதியாக இருந்தபோது குடிமதிப்பு நடந்ததாக லூக்கா 2:2 சொல்கிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸின்படி சிரேனியு யூதேயாவில் கணக்கெடுத்தது கி.பி. 6-இல், அதாவது ஏரோது இறந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. இதைச் சரிசெய்யப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: சிரேனியு அதற்கு முன்பும் அப்பகுதியில் அதிகாரம் வகித்திருக்கலாம் என்பது ஒன்று, அந்த வசனத்தைச் சிரேனியுவின் குடிமதிப்புக்கு முந்தியது என்று வாசிக்கலாம் என்பது இன்னொன்று. இவற்றில் எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை, என்னையும்தான்.

ஆனால் இரு சுவிசேஷகர்களும் ஒருவரையொருவர் பார்த்து எழுதவில்லை என்பது வாசிக்கும் எவருக்கும் தெரிகிறது. மத்தேயு யோசேப்பின் பக்கத்திலிருந்தும் லூக்கா மரியாளின் பக்கத்திலிருந்தும் சொல்கிறார்கள். அப்படித் தனித்தனியாகச் சொல்லும் இருவரும், பிறந்த இடம் பெத்லகேம், வளர்ந்த இடம் நாசரேத்து, தாய் மரியாள், அவளுக்கு நியமிக்கப்பட்டவர் தாவீதின் வம்சத்தானாகிய யோசேப்பு, காலம் ஏரோதின் காலம், கருத்தரித்தது பரிசுத்த ஆவியினால் என்பவற்றில் ஒன்றுபடுகிறார்கள். ஓர் ஆண்டுக் கணக்கின் சிக்கலுக்காக இந்த ஒற்றுமையைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

கன்னிகை பெற்றாள் என்பதை நம்பாமல் கிறிஸ்மஸைக் கொண்டாட முடியாதா?

அந்தக் காலத்து மனிதர்கள் அறியாமையால் இதை எளிதாக நம்பிவிட்டார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். சுவிசேஷத்தை வாசித்தால் அப்படித் தெரியவில்லை. "இது எப்படியாகும்?" என்று மரியாளே கேட்கிறாள். யோசேப்பு, குழந்தைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை நன்றாக அறிந்திருந்ததனால்தான், அவளை இரகசியமாய்த் தள்ளிவிட யோசித்தார். முதன்முதலில் ஐயப்பட்டவர்கள் அந்த வீட்டாரே.

நான் இதை நம்புகிறேன். உலகத்தை இல்லாமையிலிருந்து உண்டாக்கியவருக்கு இது கடினமானதல்ல என்பது ஒரு காரணம். கிறிஸ்து நம் முயற்சியின் விளைவாகக் கிடைத்தவர் அல்லர், அருளப்பட்டவர் என்பதை இந்தப் பிறப்பின் விதமே அறிவிக்கிறது என்பது இன்னொரு காரணம். இன்னும் நம்ப இயலாதவர் கொண்டாடலாமா என்பதற்குக் கடைசிக் கேள்வியில் பதில் சொல்கிறேன்.

கடவுள் குழந்தையாகிவிட்டால் அந்த நேரத்தில் உலகத்தை யார் நடத்தினார்கள்? கடவுள்தன்மை குறைந்துபோகாதா?

என்னிடம் கேட்கப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்தாம் இதைத் தயங்காமல் கேட்கிறார்கள். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு நான்காம் நூற்றாண்டிலேயே இதற்குப் பதில் எழுதினார்: வார்த்தையானவர் உடலுக்குள் அடைபட்டுவிடவில்லை, உடலில் இருந்தபடியே எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தார். 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபை ஆயர்களின் சங்கம், குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையை மறுத்து, அவர் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. 451-இல் கல்கெதோன் சங்கம், அவர் மெய்யாகவே தேவன், மெய்யாகவே மனிதன், இரு தன்மைகளும் கலந்துபோகவும் இல்லை, பிரிந்துபோகவும் இல்லை என்று வரையறுத்தது. இது எப்படி நிகழ்கிறது என்று அந்தச் சங்கங்கள் விளக்கவில்லை. எந்தப் பக்கமும் தவறி விழாதபடி வேலி மட்டும் போட்டார்கள்.

குறைந்துபோகாதா என்பதற்கு என் பதில் வேறு விதமானது. வல்லமை என்றால் பிறரைச் சார்ந்திராமல் இருப்பது என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். தேவனோ பாலுக்காக அழும் நிலைக்கு, தலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை தேவைப்படும் நிலைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். அவர் பேசவும் நடக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஞானத்திலும் வளர்த்தியிலும் விருத்தியடைந்தார் என்று லூக்கா 2:52 வெளிப்படையாகவே சொல்கிறது. தம் மகிமைக்கு இதனால் இழுக்கு வரும் என்று அவர் அஞ்சவில்லை என்பதே, அந்த மகிமை எப்படிப்பட்டது என்பதை எனக்குக் காட்டுகிறது. கம்பீரத்தைக் கண்டு தேவனுக்குப் பயப்பட எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அவரிடம் கூச்சமின்றி நெருங்கலாம் என்பதை முன்னணையிலிருந்துதான் அறிந்தேன்.

இயேசு ஏழையாகப் பிறந்தார் என்பது பிரசங்கத்துக்காகப் பெரிதாக்கிச் சொல்வதுதானே? யோசேப்புக்குத் தொழில் இருந்ததே?

தொழில் இருந்தது உண்மை. அவர்கள் பிச்சையெடுத்தவர்கள் அல்லர். ஆனால் லூக்கா 2:24-இல் எளிதில் கண்ணில் படாத ஒரு விவரம் இருக்கிறது. பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது, சுத்திகரிப்பின் பலியாக ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது செலுத்த வந்தார்கள் என்று அவர் எழுதுகிறார். லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், பிரசவித்த தாய் தகனபலிக்கு ஓர் ஆட்டுக்குட்டியையும் பாவநிவாரண பலிக்கு ஒரு பறவையையும் கொண்டுவர வேண்டும் என்றும், ஆட்டுக்குட்டிக்குச் சக்தியில்லாதிருந்தால் இரண்டு பறவைகள் போதும் என்றும் காண்கிறோம். மரியாள் செலுத்தியது, ஆட்டுக்குட்டி வாங்க இயலாதவர்களுக்கென்று நியாயப்பிரமாணம் ஒதுக்கிவைத்திருந்த காணிக்கை. லூக்கா இதை விளக்காமல் போய்விடுகிறார். நியாயப்பிரமாணம் அறிந்தவருக்கு அது சொல்லாமலே விளங்கியிருக்கும்.

இந்த ஒரு வசனத்துக்காகவே நான் லூக்காவுக்கு நன்றி சொல்வதுண்டு. கர்த்தர் "உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே" என்று பவுல் எழுதுவது (2 கொரிந்தியர் 8:9) வெறும் உருவகமாக இருந்திருக்கலாம். ஆலயத்தின் வாசலில், வசதியுள்ளவர்கள் ஆட்டுக்குட்டியோடு நிற்க, கையில் இரண்டு பறவைகளோடு நின்ற அந்தத் தாயின் இடத்தில் அது உருவகமாக இல்லை. கிறிஸ்மஸில் ஏழைகளுக்குக் கொடுப்பது நல்லதே. ஆயினும் கொடுக்கும்போது, அன்று வாங்கும் வரிசையில்தான் நம் கர்த்தருடைய குடும்பம் நின்றது என்ற நினைவு இருந்தால், கொடுக்கிறவரின் பார்வையும் தொனியும் மாறிவிடும்.

"பூமியிலே சமாதானம்" என்று தூதர்கள் பாடினார்கள். எங்கே அந்தச் சமாதானம்? அடுத்த அதிகாரத்திலேயே ஏரோது குழந்தைகளைக் கொல்கிறானே?

தூதர்களின் பாட்டு லூக்காவில், ஏரோதின் வாள் மத்தேயுவில். ஆனாலும் நீங்கள் கேட்பது சரியான இடத்தில்தான் குத்துகிறது. மத்தேயு அந்தக் கொலையை மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்ற எரேமியாவின் வரியை எழுதிவிட்டு, அந்தத் தாய்மாருக்கு ஒரு விளக்கமும் தராமல் நிறுத்திவிடுகிறார். ஒரு பிள்ளை தப்ப மற்றப் பிள்ளைகளைத் தேவன் ஏன் காக்கவில்லை என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது.

நான் சொல்லக்கூடியது இவ்வளவே: தப்பிய அந்தப் பிள்ளை என்றைக்குமாகத் தப்பவில்லை. எகிப்துக்கு அகதியாகக் கொண்டுபோகப்பட்டவர் பின்பு திரும்பிவந்து, அதே எருசலேமுக்கு வெளியே, ஓர் அரசாங்கத்தின் கையால் கொல்லப்பட்டார். அவர் கொண்டுவந்த சமாதானம், துன்பத்தைப் பார்க்காமல் விலகிச் செல்வோரின் அமைதி அன்று. மேற்கத்திய சபைகளின் நாட்காட்டி கிறிஸ்மஸுக்கு மறுநாள் இரத்தசாட்சியான ஸ்தேவானையும், டிசம்பர் 28-இல் கொல்லப்பட்ட பெத்லகேம் குழந்தைகளையும் நினைவுகூர்வது அதனால்தான்.

சிலுவைதானே இரட்சிப்பு? பிறகு பிறப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

மரிப்பதற்கு ஓர் உடல் வேண்டும். பிள்ளைகள் மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவர்களாயிருக்க, மரணத்தினால் பிசாசானவனை அழிக்கும்படி அவரும் அவர்களைப்போல மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவரானார் என்று எபிரெயர் 2:14 இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டுகிறது. ஆலயத்தில் பிள்ளையைக் கண்ட சிமியோனும், அவரைக் கையில் ஏந்தியபடியே, மரியாளின் ஆத்துமாவை உருவிப்போகும் பட்டயத்தைப் பற்றி அவளிடம் பேசினார்.

இந்த ஆண்டு எங்கள் வீட்டில் துக்கம். எல்லோரும் மகிழும்போது எனக்கு மட்டும் மனம் ஒட்டவில்லை. இது விசுவாசக் குறைவா?

இல்லை. மேலே ராகேலைப் பற்றிச் சொன்னதை மீண்டும் பாருங்கள். அழுகை கிறிஸ்மஸ் சம்பவத்துக்கு வெளியே இல்லை, அதன் வசனங்களுக்குள்ளேயே இருக்கிறது. தேவன் நம்மோடிருக்கிறார் என்ற வாக்குத்தத்தம், மகிழ்ச்சியாக இருப்பவர்களோடு மட்டும் என்று எங்கும் வரையறுக்கப்படவில்லை. பாட முடியாவிட்டால் அமர்ந்து கேளுங்கள். வர முடியாவிட்டால் வீட்டிலேயே இருங்கள். உங்களை உற்சாகப்படுத்த வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துக்கத்தில் இருப்பவரிடம் "இன்றைக்காவது சிரியுங்கள்" என்று சொல்லாதிருங்கள்.

எனக்கு விசுவாசம் உறுதியாக இல்லை. ஆராதனைக்கு வந்து நின்றால் அது பாசாங்கு ஆகாதா?

அன்று வந்தவர்களைப் பாருங்கள். மேய்ப்பர்கள், நடந்ததாகச் சொல்லப்பட்டதைப் பார்ப்போம் என்று வந்தார்கள். சாஸ்திரிகள் வேறொரு தேசத்திலிருந்து, வேறொரு மார்க்கத்திலிருந்து, ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு விசாரித்து வந்தார்கள். ஆசாரியனான சகரியாவோ தேவாலயத்துக்குள்ளேயே தூதனை நம்பாமல் ஊமையாகி வெளியே வந்தார். ஆனாலும் அவருக்கு வாக்குப்பண்ணப்பட்ட பிள்ளை பிறக்காமல் போகவில்லை. கிறிஸ்து எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டபோது வேதபாரகர்கள்தாம் பெத்லகேம் என்று சரியான பதிலைச் சொல்லிவிட்டு, அங்கே போகாமல் இருந்துவிட்டார்கள்.

ஆகவே தயங்காமல் வாருங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ள முடியாத வரி பாடலில் வந்தால் அதைப் பாடாமல் நிற்கலாம். வருவதற்கு முன் வாசிக்க விரும்பினால், லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசியுங்கள். பிறகு மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களை, அந்த நீண்ட பெயர்ப் பட்டியலைத் தாண்டிவிடாமல். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று, ஒரு குடும்பம் வெளியே சொல்லத் தயங்கும் வரலாறுகளையும் அந்நியப் பெண்களையும் மத்தேயு அந்தப் பட்டியலில் விடாமல் எழுதியிருக்கிறார்.